என் கிட்னியின் கோபம்

என் தம்பிக்குக் கோபமே வராது. அது ஒரு நோய் என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஏரலில் வாழைத்தார் வியாபாரம். காலையில் ஏலத்தில் தார் எடுத்து வெளியூர்க் கடைகளுக்கு லாரியில் ஏற்றிவிடுவான். ஏலம் என்றால் தொண்டை உள்ளவனுக்குத்தான் தார். இவனோ பக்கத்தில் நிற்கிறவர் விலையை ஏற்றிக் கேட்டால், "அண்ணாச்சிக்கு அவசரம் போல, எடுத்துக்கிடட்டும்" என்று பின்னால் நகர்ந்துவிடுவான். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு எல்லாருக்கும் நல்ல தாரு கெடச்சுது" என்று சந்தோஷமாகச் சொல்லுவான். அவன் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் அதற்கு நேர் எதிர். பாளையங்கோட்டையில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். அளவு ஜாக்கெட்டை அவர்களே கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து, "கழுத்த இன்னும் கொஞ்சம் எறக்கியிருக்கலாமேக்கா" என்று சொல்கிறவர்களிடம் சிரித்துப் பேச எனக்கு வராது. என் சத்தம் மார்க்கெட் வரை கேட்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதையும் மார்க்கெட்டில் நின்றுகொண்டு போனில்தான் சொல்வார். இத்தனைக்கும் நானும் தம்பியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். கோபம் முழுவதையும் மூத்தவளே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், இளையவனுக்கு மிச்சம் வைக்கவில்லை என்று எங்கள் சித்தப்பா கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைப்பார். சித்தப்பாவுக்கு நாலு பேர் கூடிவிட்டால் போதும், ஏதாவது சொல்லியாக வேண்டும்.

தம்பியின் இரண்டு கிட்னியும் கெட்டுப்போனதுகூட அவனைப் போலவே சத்தமில்லாமல்தான் நடந்தது. பிரஷர் இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. கால் வீங்கியிருக்கிறது, செருப்புதான் சின்னதாகிவிட்டது என்று நினைத்திருக்கிறான். கடைசியில் டயாலிசிஸில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. யாராவது கிட்னி கொடுத்தால் நல்லது என்றார்கள். சோதித்துப் பார்த்ததில் என்னுடையது பொருந்தியது. "வேண்டாம்க்கா, ஒனக்கு எதுக்குச் சிரமம்" என்றான், நான் என்னவோ அவனுக்காக ஒரு குடம் தண்ணீர் தூக்கிவரப் போவது போல. எனக்கு வந்ததே கோபம். "கூறுகெட்ட மூதி, நீ இல்லாம நான் யாரத் திட்ட?" என்று கேட்டேன். உலகத்திலேயே திட்டித் திட்டிக் கிட்னி கொடுத்தவள் நானாகத்தான் இருப்பேன்.

மதுரையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்றிலிருந்து அவன் மாத்திரைக்கு வாழ்க்கைப்பட்டான். வெளியிலிருந்து வந்த கிட்னியை உடம்பு அந்நியமாக நினைத்து அடித்துத் துரத்தப் பார்க்குமாம். அதைத் தடுக்க உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கியே வைத்திருக்க வேண்டுமாம். காலையும் மாலையும் அவன் போனில் அலாரம் அடிக்கும். தாலி கட்டுகிற நேரத்தில் அடித்தாலும் எழுந்து போய் மாத்திரை போட்டுவிட்டுத்தான் வந்து அட்சதை போடுவான். முகத்தில் மாஸ்க், கையில் வீட்டுத் தண்ணீர். "மாத்திரை போடும்போது பாளையங்கோட்டை இருக்க பக்கம் பாத்து நின்னுதான் முழுங்குதாவ மைனி" என்று அவன் மனைவி என்னிடம் கேலியாகச் சொல்வாள். அது கேலி இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நின்றான் என்பதை ஒருநாள் நானே பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனைத் திட்டவும் செய்தேன்.

சில வருஷங்கள் இப்படி நன்றாகவே போயிற்று. அதற்குள் அவன் பிள்ளை ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்தது, எங்கள் அம்மா காலமானாள். அப்புறம் ஒருநாள் காலையில் அவன் மனைவி போன் செய்தாள்.

"மைனி, ஒங்க தம்பி இன்னைக்கு லாரிக்காரன ஏசிட்டாவளாம்."

"யாரு, நம்ம தம்பியா?"

"ஆமா மைனி. லேட்டா வந்தான்னு தெருவே கேக்குத மாதிரி ஏசிருக்காவ. லாரிக்காரன் பயந்துபோயி எனக்குப் போன் போட்டு, 'அண்ணாச்சிக்கு ஒடம்பு சரியில்லையா'ன்னு கேக்கான்."

லாரிக்காரனுக்கு இருந்த அறிவு எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை. நாங்கள் சந்தோஷப்பட்டோம். அடுத்த வாரம் ஏலத்தில் சத்தம் போட்டு, இருப்பதிலேயே நல்ல தாரையெல்லாம் எடுத்தான். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. செய்தி சித்தப்பாவுக்குப் போனதும் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "அக்கா கிட்னில்லா! இத்தன நாளு புது எடம்னு பைய இருந்துது. இப்பம்தான் வேலையக் காட்டுது."

அந்த வாக்கியம் எங்கள் சொந்தபந்தம் எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது. தம்பி காபி சூடாக இல்லை என்று டம்ளரைத் தள்ளினால், அக்கா கிட்னி. பஸ்ஸில் மீதிச் சில்லறைக்கு மல்லுக்கு நின்றால், அக்கா கிட்னி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு தடவை ஏரலுக்குப் போனேன். வாசலில் கால் வைத்ததும், "வாரேன்னு சொன்னா சொன்ன நேரத்துக்கு வரத் தெரியாதா ஒனக்கு?" என்று சீறினான். பிறந்ததிலிருந்து என்னை எதிர்த்து ஒரு சொல் சொல்லாத பிள்ளை! எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வீட்டுக்குத் திரும்பி என் வீட்டுக்காரரிடம், "என் கிட்னி நல்லா வேலை செய்யுது" என்றேன். "செய்யட்டும். இங்க இருக்கது போதாதுன்னு ஏரல்ல ஒரு கிளையா" என்றார் அவர்.

வேறு சில விஷயங்களும் இருந்தன. தலைவலி என்பான். பகலிலேயே தூங்கிவிடுவான். நிலைப்படியில் எப்போதும் இடது தோளை இடித்துக்கொண்டு உள்ளே வருவான். அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும், அவன் போனைக் கையில் வைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றோம், வெயில் என்றோம், அலைச்சல் என்றோம். கோபம் மட்டும் எங்களுக்குப் பிடித்துப்போனதால் மற்றது எதையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஏலக் கடையில் விலை கூவுகிறவர் ஒருநாள் அவனைத் தன் வண்டியில் உட்காரவைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். பிறகு எனக்குப் போன் செய்தார். எப்போதும் மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கிற குரல். அன்று போனைக் காதில் அழுத்திப் பிடித்தால்தான் கேட்டது.

"அக்கா, ஒங்க தம்பி தார் கேட்டாரு. நல்ல வெலதான் கேட்டாரு. மேல கேக்க ஆளில்ல. சரி, அண்ணாச்சிக்குன்னு முடிக்கப் போறேன், அதுக்கு மேல ஒரு வெல கேக்காரு. யாருன்னு பாத்தா, அவரேதான். மறுபடி கூவுதேன், மறுபடி ஏத்துதாரு. முதல்ல எல்லாரும் சிரிச்சிட்டோம்க்கா. நீங்க கேட்டதுதான் அண்ணாச்சி, ஒங்களுக்குத்தான்னு சொல்லுதேன். 'எவம்லே எனக்கு எதிரா கேக்கான்'னு கூட்டத்தப் பாத்துச் சண்டைக்கு வாராரு. அங்கனயே எல்லாருக்கும் சிரிப்பு நின்னுபோச்சு."

நான் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மிஷினில் அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

திருநெல்வேலியில் தலையை ஸ்கேன் செய்தார்கள். அவனுடைய கிட்னி டாக்டர் ஒரு பெண், வயதில் எனக்குச் சின்னவர், பொறுமையாகப் பேசுவார். மூளையின் முன்பக்கத்தில் கட்டி இருக்கிறது என்றார். மதுரைக்குக் கொண்டுபோய், மண்டையோட்டில் சின்னதாக ஓட்டை போட்டுத் துளி சதை எடுத்துச் சோதித்ததில், அது லிம்போமா என்று உறுதியானது. மூளைக்குள் வரும் ஒருவகைப் புற்றுநோய். எதிர்ப்புச் சக்தி குறைந்துபோனவர்களுக்கு வருவது, அவர்களிலும் வெகு சிலருக்குத்தான் வருமாம். நம்மில் பெரும்பாலானவர்கள் உடம்பில் சின்ன வயதிலேயே ஒரு வைரஸ் புகுந்து, சத்தம் காட்டாமல் தூங்கிக்கொண்டிருக்கிறது. உடம்பின் காவல்காரன் விழித்திருக்கும் வரை அது எழுந்திருக்காது. கிட்னியைக் காப்பாற்ற நாம் மாத்திரை கொடுத்துக் காவல்காரனையே தூங்க வைத்திருக்கிறோம். அந்த நேரம் பார்த்து அது எழுந்து வேலையைக் காட்டியிருக்கிறது. டாக்டர் இதைச் சொன்னபோது, அவன் ஒரு வேளைகூட விடாமல் போட்ட அத்தனை மாத்திரையும் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"அப்போ அந்தக் கோபம்?" என்று கேட்டேன்.

"மூளையில அந்த இடத்துல கட்டி வந்தா குணம் மாறும்மா. சாதுவா இருந்தவங்க கத்துவாங்க, கத்துறவங்க சாதுவாயிருவாங்க."

"என் கிட்னியால இல்லையா?"

டாக்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். நான் கேலி செய்யவில்லை என்று தெரிந்ததும், "கிட்னிக்குக் கோபம் வராதும்மா" என்று மெதுவாகச் சொன்னார். அத்தனை பெரிய செய்திக்கு நடுவில் எனக்கு இதில்தான் அவமானமாக இருந்தது. மனுஷ புத்தி எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது பாருங்கள்.

வைத்தியம் என்னவென்றால், முதல் வேலையாக அந்த மாத்திரைகளைக் குறைக்க வேண்டும். காவல்காரன் எழுந்தால்தான் கட்டியோடு சண்டை போடுவான். ஆனால் எழுந்தவன் கட்டியை மட்டும் பார்ப்பான் என்று சொல்ல முடியாது. கிட்னியையும் வெளியாள் என்று அடிப்பான். கிட்னி போகலாம். அதோடு கூட ஊசி மருந்தும், பிறகு கதிர்வீச்சும்.

மூளையின் வீக்கம் குறைய ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள். அதில் தம்பி கொஞ்சம் தெளிந்திருந்தான். பழைய தம்பியாகவே, மெத்தென்று பேசினான். பேசி, மாத்திரையைக் குறைக்க மாட்டேன் என்றான். கத்தவில்லை, அடம்பிடிக்கவில்லை. டாக்டர் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு, "சரிங்க டாக்டர், ஆனா வேண்டாம்" என்றான். மனைவி அழுதபோதும் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "வேண்டாம்" என்றான். சாது பிடிக்கிற பிடிவாதம் இருக்கிறதே, அதை உடைக்க முடியாது. கத்துகிறவனையாவது எதிர்த்துக் கத்தலாம்.

அவள் என்னைத் தேடி வராந்தாவுக்கு வந்தாள். "மைனி, நீங்க சொல்லுங்க. ஒங்க கிட்னிக்குத்தான் பாக்காவ."

நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, நீ குடுத்தது. அத நானே எப்படி விட?" என்றான்.

"ஏலே, நான் கிட்னிய ஒனக்குக் குடுத்தேன். ஒன்னையக் கிட்னிக்குக் குடுக்கல."

"ஒனக்கு வலிச்சுதேக்கா."

"வலிச்சுது. அது என் பாடு. நீ செத்துட்டேன்னா அந்தக் கிட்னிய நான் திருப்பி வாங்கவா முடியும்? மரியாதையா மாத்திரையக் கொற. இல்லன்னா இங்கனயே வச்சு அறைஞ்சிருவேன்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர், "தாயி, பையப் பேசும்மா" என்றார். தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். ஆனால் திட்டுவதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் அவன் மறுபடி வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. அன்று மாலை அலாரம் அடித்தபோது, அவன் மனைவி பாதி மாத்திரையைத்தான் அவன் கையில் வைத்தாள்.

ஊசி மருந்து ஏறியது. கதிர்வீச்சுக்காக முகத்தின் அச்சில் வலை மாதிரி ஒரு முகமூடி செய்து, தலை அசையாமல் மேஜையோடு சேர்த்துப் பூட்டினார்கள். மூச்சுமுட்டிக் கத்துகிறவர்கள் உண்டாம். இவன் தினமும் பூட்டைத் திறந்ததும் எழுந்து உட்கார்ந்து, பூட்டியவருக்கே நன்றி சொல்லிவிட்டு வருவான். முடி கொட்டியது. "எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்று நான் சொன்னதற்கு, அவன் சிரித்துவிட்டு, யாரிடமோ கேட்பது போல, "அக்காவுக்குக் கோவம் கொறஞ்சிருக்கோ" என்றான்.

கட்டி சுருங்கியது. பிறகு ஸ்கேனில் காணோம். ஆனால் டாக்டர் பயந்தபடியே, விழித்துக்கொண்ட காவல்காரன் என் கிட்னியையும் விடவில்லை. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டது. மறுபடி டயாலிசிஸ். செய்தி வந்தபோது நான் கடையில் இருந்தேன். யாரோ ஒரு மணப்பெண்ணின் பட்டு ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். கொடுத்தது போயிற்றே என்பதற்காக இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அதற்காகவும்தான் அழுதேன்.

அந்தக் கிட்னியை வெளியே எடுக்கவில்லை. ரிட்டையர் ஆகியும் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவரைப் போல, அவன் வயிற்றுக்குள் சும்மா கிடக்கிறது.

தம்பி பழைய சாதுவாகிவிட்டான். டயாலிசிஸ் ஊசி குத்துகிற நர்ஸிடம், "நீங்க சாப்ட்டியளா?" என்று கேட்கிறான். மாறியது நாங்கள்தான். அவன் கொஞ்சம் உரக்கத் தும்மினால்கூட அவன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து, இன்று என்ன கிழமை, நம் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று விசாரணை வைப்பாள். ஒரு தடவை, "சட்னியில உப்பு கூடிட்டு" என்றானாம். உடனே எனக்குப் போன். "உப்பு நெசமாவே கூடியிருந்துதா?" என்று கேட்டேன். தின்று பார்த்துவிட்டு வந்து, "ஆமா மைனி, கூடித்தான் இருக்கு" என்றாள். இரண்டு பேரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். எங்கள் குடும்பத்தில் கோபப்படும் உரிமை இல்லாத ஒரே ஆள் அவன்தான்.

இந்த வருஷம் கொற்கை பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் கட்டிய புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போயிருந்தோம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் தம்பி, எதிர்வரிசையில் சித்தப்பா. தம்பி தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். பாயசம் வேண்டாம் என்று கையால் இலையை மறைத்தான். அதைப் பார்த்த சித்தப்பா பெருமூச்சு விட்டு, பந்திக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"பாவம், இவ குடுத்ததும் வீணாப் போச்சு. வயித்தக் கிழிச்சுக் குடுத்து என்னத்துக்கு? இவளுக்கும் ஒண்ணு போச்சு, அவனும் பழையபடி மிஷின்லதான் கெடக்கான். அன்னைக்கே நான் வேண்டாம்னு சொன்னேன்."

அன்றைக்கு அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அதையாவது நான் சொல்லியிருக்கலாம். மார்க்கெட் வரை கேட்கிற என் தொண்டைக்கு அந்த நேரம் என்ன வந்ததோ, வாயில் இருந்த சோறு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

தம்பி எழுந்தான்.

"எது சித்தப்பா வீணாப் போச்சு?" என்றான். அந்தக் குரல் ஏலத்தில்கூடக் கேட்டிருக்காத குரல். "அக்கா குடுத்ததுலதான் நான் இத்தன வருஷம் எம் புள்ளைய ஸ்கூலுக்குக் கொண்டு விட்டேன். அது வீணா? எங்க அம்மைக்கு நான் கொள்ளி வச்சேன், அது வீணா? இன்னொரு வாட்டி எங்க அக்காவப் பாத்து அப்படிச் சொன்னிய, பெரியவருன்னு பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

பரிமாறிக்கொண்டிருந்த அவன் மனைவி கையிலிருந்து சாம்பார் வாளி நழுவியது. சித்தப்பாவை அவமானப்படுத்திவிட்டானே என்று ஒருவரும் நினைக்கவில்லை. எல்லோர் முகத்திலும் ஒரே பயம்தான். சித்தப்பாவே, "ஏ, அவனப் பிடிங்க, தலைய என்னமும் செய்யுதான்னு கேளுங்க" என்றார். தம்பி சுற்றிலும் பார்த்தான். மெதுவாக உட்கார்ந்து என்னிடம், "அக்கா, மறுபடி வந்துட்டோ?" என்று கேட்டான்.

மறுநாள் காலை ஸ்கேன். வெளியே பெஞ்சில் நாங்கள் இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன், சில சாமிகளைத் திட்டவும் செய்தேன். டாக்டர் எங்கள் மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"தலையில ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

"அப்போ அந்தக் கோபம் டாக்டர்?" என்றாள் தம்பி மனைவி. "பெரியவருன்னு பாக்காம கத்திட்டாவளே."

"அந்தப் பெரியவர் என்ன சொன்னாரு?"

அவள் சொன்னாள். டாக்டர் கேட்டுவிட்டு, "எனக்கே வருதே" என்றார்.

மருத்துவமனை வாசலில் ஆட்டோவுக்காக நின்றோம். கட்டி இல்லை. என் கிட்னி என்று சொல்லவும் வழியில்லை, அது எப்போதோ கடையை மூடிவிட்டது. தம்பி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஒரு எண்ணைத் தட்டினான். சித்தப்பா என்று திரையில் தெரிந்தது. போச்சு, மன்னிப்புக் கேட்கப் போகிறான், மூதி, என்று நான் வாயைத் திறப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டான்.

"சித்தப்பா, ஸ்கேன் எடுத்தாச்சு. தலையில ஒண்ணும் இல்லையாம். நேத்து பேசுனது நான்தான்."

கொஞ்சம் நிறுத்தி, "சாப்ட்டியளா?" என்று கேட்டான்.